போனதைக் கூப்பிடுகிறவர்

ஒரு கோளாறு தானாகச் சரியாகிவிட்டால் நாமெல்லாம் சாமியைக் கும்பிட்டுவிட்டு அடுத்த சோலியைப் பார்ப்போம். எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருந்த அந்தத் தம்பிக்கு மட்டும் அப்போதுதான் முகம் வாடும்.

அவர் வந்த புதிதில் எங்கள் தோட்டத்துத் தண்ணீர் மோட்டாரில் கருகல் வாடை அடித்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். ஆறவிட்டு மறுபடி போட்டபோது நன்றாக ஓடியது, வாடையும் இல்லை. நான் மோட்டார் பெட்டிக்குத் திருநீறு பூசி, சூடம் காட்டிவிட்டு வந்தேன். தம்பி மட்டும் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, காப்பி ஆறுது."

"வாடை வரும்போது கிணத்துல தண்ணி எம்புட்டு இருந்துச்சுக்கா?"

"அதான் போயிருச்சே. இன்னும் என்னத்துக்கு அந்தப் பேச்சு?"

"தானாப் போயிருச்சுன்னா அது போகலக்கா. ஒளிஞ்சிருக்கு. மறுபடி வரவச்சுப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும்."

எங்கள் பக்கம், போன கெட்டதின் பேரைக்கூட வாயால் சொல்ல மாட்டோம். அம்மை இறங்கிய வீட்டில் அம்மைப் பேச்சு கிடையாது. பாம்பு வந்து போன இடத்தில் விளக்கு வைப்போமே தவிர, பாம்பு என்று சொல்ல மாட்டோம். இவரோ போனதைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்.

கூப்பிட்டது வந்தும்விட்டது. மோட்டாரை ஓடவிட்டுக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கீழே இறங்கி, குழாய் வெறும் காற்றை இழுக்க ஆரம்பித்ததும் பழைய கருகல் வாடை எழுந்தது. உடனே அணைத்துவிட்டு, "வந்துருச்சுக்கா!" என்று கத்தினார். பஸ்ஸை விட்டு இறங்கும் சொந்தக்காரரைக் கண்டவர் மாதிரி அத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். குழாயை இன்னும் ஆழத்தில் இறக்கினோம். மோட்டார் தப்பித்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

பெயர் வேண்டாம். எங்கே இருந்தாலும் முருகன் அவரை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

ஆள் ஒல்லி. பேச்சு மதுரைப் பக்கம். கொடைக்கானல் மலையில் இருக்கிற எங்கள் பூண்டி ஊர்க் குளிருக்குக் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். ஆனால் ஒரு காதை மூடுவார், இன்னொரு காதைக் குல்லாவுக்கு வெளியே விட்டிருப்பார். "அந்தக் காது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டால், "சத்தம் கேக்கணும்லண்ணே" என்பார். எந்தப் பொருளானாலும் அதன் சத்தத்தைக் கேட்பார். குக்கர் கூவினால் தலையைச் சாய்ப்பார். எங்கள் வண்டி வளைவில் வரும்போதே, "அண்ணன் இன்னைக்கு லோடு இல்லாம வாராரு" என்று சொல்லிவிடுவார்.

அவர் செய்த வேலையைச் சொன்னால் ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். நிஜ இன்ஜினில் உள்ள கைப்பிடி, முள், பட்டன் எல்லாம் திரையில் அப்படியே இருக்கும். பல தேசத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கி விளையாடுகிறார்கள். அதில் ஒரு மலைப்பாதை. சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்கிற மலை. அந்தப் பாதையில் போகும்போது இன்ஜின் காரணமே இல்லாமல் சூடாகி நின்றுவிடுகிறது என்று விளையாடுகிறவர்கள் புகார் எழுதினார்கள். அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் தம்பிக்கு அந்த வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்திருந்த வேலை.

அதற்கு எங்கள் மலைக்கு எதற்கு வரவேண்டும் என்று கேட்டேன். கீழே மதுரை வெயிலில் அவருடைய கம்ப்யூட்டரே கொதித்ததாம். விளையாட்டுக்குள் இருக்கிற இன்ஜின் சுடுகிறதா, வெளியே இருக்கிற பெட்டி சுடுவதால் அப்படிக் காட்டுகிறதா என்று பிரிக்க முடியவில்லையாம். "இங்க பெட்டி சில்லுன்னு கெடக்கும். அப்பவும் இன்ஜின் சுட்டா, தப்பு விளையாட்டுக்குள்ளதான்" என்றார். ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போவது அவர் வழக்கம். எங்கள் பரணில் தொங்கும் பூண்டுக் கட்டுகளிலிருந்து தோல் பறந்து வந்து பெட்டிக்குள் அடைத்திருக்குமோ என்று அதையும் திறந்து துடைத்துப் பார்த்தார்.

டீக்கடையில் இதுதான் பேச்சு. "ரயிலே ஏறாத மலையில ரயில் ஓட்ட ஒரு ஆளு வந்திருக்காப்ல. டிக்கெட்டு எங்கண்ணே எடுக்கணும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்பார்கள். "நம்ம வீட்டுப் பின்னாடிதான் ஸ்டேஷனு. கக்கூசுக்குப் பக்கத்துல பிளாட்பாரம், வெரசா வாங்க" என்று இவரும் விடாமல் சொல்வார்.

ஒரு நாள் மத்தியானம் காப்பி கொண்டுபோனபோதுதான் அந்த ரயிலை நான் சரியாகப் பார்த்தேன். அழகான ரயில். பனிக்குள் மெதுவாக மலை ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் மஞ்சள் விளக்கு. உள்ளே தலைகள் தெரிந்தன. கீழே ஒரு முள், சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. தம்பி திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா... வா... வந்துரு."

முள் சிவப்பைத் தொட்டது. மணி அடித்தது. ரயில் நின்றது. அவர் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார்.

"உள்ள ஆளுங்க இருக்காங்களா தம்பி?"

"பொம்மைங்கக்கா."

"பொம்மைன்னாலும் பனிக்குள்ள நிக்குதுங்களே."

சிரித்தார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். மறுபடி அந்த விளக்கு, அந்தத் தலைகள், அந்த "வா... வா". எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பூஜை அறையிலிருந்து திருநீறு எடுத்துவந்து கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் மூன்று விரலால் இழுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் யோசனையாக இருந்தது.

"அக்கா, நீங்க திருநீறு வச்சதுலருந்து அது வரலக்கா."

"பாத்தீங்களா! முருகன் சும்மாவா?"

"அதான் கேக்க வந்தேன். துடைச்சுட்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

நான் கையில் இருந்த கரண்டியை ஓங்கிவிட்டேன். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு வேதம். திருநீற்றைத் துடைக்கவில்லை, என் மரியாதைக்காக. ஆனால் துடைக்காமல் விட்டது அவரை அரித்துக்கொண்டே இருந்தது என்பது தெரிந்தது.

கடைசியில் அந்தக் கோளாற்றைப் பிடித்துக் கொடுத்தது என் சாப்பாடு. அவர் வேலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். நான்தான் போய், "தம்பி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவேன். ஓடுகிற ரயிலை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு வருவார். சாப்பிட்டுவிட்டுப் போய் விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். நான் தோட்டத்து வேலையில் இருந்துவிட்டுக் கூப்பிடாத நாளில் தட்டு மூடியபடி இருக்கும், ரயில் நிற்காமல் ஓடும், இன்ஜின் சுடாது.

"அக்கா, நீங்க சோத்துக்குக் கூப்பிடுற அன்னைக்குத்தான் வருது."

எனக்குப் பகீரென்றது. "என் சோத்துலயா தம்பி தோஷம்?"

"அய்யோ, அதில்லக்கா. இன்னொருக்கா கூப்பிடுங்க, பாப்போம்."

சாப்பாடு இல்லாமல் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. விளையாட்டுக்கும் கூடாது. அதனால் அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு கை உப்புமாவாவது கிண்டி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். அன்றைக்கு முழுக்க உப்புமாவாகத் தின்றார் பாவம். சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்தார். நிறுத்தி வைத்த ரயிலை மறுபடி எடுக்கும்போது, இன்ஜினைக் குளிரவைக்கிற விசிறியின் சத்தம் மட்டும் வருகிறது, விசிறி சுற்றுவதில்லை. அதுதான் விஷயம்.

"எல்லாரும் சத்தத்தைக் கேட்டு விசிறி ஓடுதுன்னு நெனச்சிருக்காங்க. நானும்தான். இந்தக் காதை நம்பி ஏமாந்துட்டேன்க்கா" என்று குல்லாவுக்கு வெளியே இருந்த காதைத் திருகிக்கொண்டார்.

கம்பெனிக்காரர்கள் அதைச் சரிசெய்து புதிதாக அனுப்பினார்கள். வேலை முடிந்தது என்றும் எழுதிவிட்டார்கள். இவர் அறையைக் காலி செய்யவில்லை. ஒரே ஒரு ஆள், எந்த ஊரோ, ரயிலை எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டியபோதும் இன்ஜின் சுட்டதாக எழுதியிருந்தானாம். ஒருமுறைதானாம். அப்புறம் அவனுக்கே வரவில்லையாம். தம்பி எவ்வளவு ஓட்டியும் அது வரவில்லை. "அது வேற ஒண்ணு" என்பார். பனிக்குள் அந்த ரயில் ஏறிக்கொண்டே இருந்தது.

இவர் ஏன் இப்படி என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம், அவரும் கைகொடுத்தார். அவருடைய அப்பாவுக்கு ஒரு நாள் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்குள் சரியாகிவிட்டதாம். எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தார்களாம்.

"அப்புறம்?"

"அந்த வாரத்துலயே போயிட்டாரு." பூண்டுத் தோலை ஊதினார். "டாக்டர் முன்னாடியே அப்பாவை மாடிப்படி ஏறச் சொல்லிருக்கணும்க்கா. அங்கயே வந்திருக்கும்."

அழவில்லை. மோட்டாரைப் பற்றிச் சொல்வது மாதிரியே சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பெற்ற அப்பாவின் நெஞ்சுவலியையும் மறுபடி வா என்று கூப்பிடுவாரா ஒருவர்?

அதன்பிறகுதான் எங்கள் வண்டி விஷயம் நடந்தது.

எங்களுடையது பிக்கப் வண்டி. பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் மலையிறங்கிப் போவார். வரும்போது உரமூட்டை ஏற்றி வருவார். வெள்ளிக்கிழமையானால் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளையும் கூட்டி வருவார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொண்டுபோக வண்டியைக் கொடுப்போம். அப்போது முன்பக்கம், காற்று உள்ளே போகிற கம்பிவலையை மறைத்து, முருகன் படம் போட்ட பிளக்ஸ் கட்டுவார். விசேஷம் முடிந்தும் அவிழ்க்க மனசு வராமல் அது அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் ஏறும்போது வண்டி கொதித்தது. முள் சிவப்புக்குப் போய், ஆவி அடித்து, இன்ஜின் அணைந்தது. பிரேக் மிதி மிதிக்க முடியாமல் கட்டை மாதிரி இறுகிப்போய், உரமூட்டைப் பாரத்தோடு வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் பள்ளம். ரோடு போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் சக்கரம் ஏறி நின்றதால் என் புருஷனும் பிள்ளையும் வீடு வந்தார்கள். பாப்பா வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, சின்னப் பிள்ளையாட்டம் கண்ண மூடிக்கிட்டேன்மா" என்றாள்.

கொடைக்கானல் மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்தார். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. "ஒண்ணுமே இல்லண்ணே. இந்தப் படம் காத்தை அடைச்சிருக்கு, அம்புட்டுத்தான்" என்று சொல்லி, பிளக்ஸை மட்டும் அவிழ்த்துக் கொடுத்தார். அதன்பின் வண்டி கொதிக்கவில்லை.

எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை. சுருட்டிய படத்தைப் பூஜை அறையில் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். முருகா, உன்னைத் துணைக்கென்றுதானே முன்னால் கட்டினோம், நீயா என் பிள்ளையைப் பள்ளத்துக்குத் தள்ளப் பார்த்தாய்? கேட்கக் கூடாத கேள்விதான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

தம்பி விஷயத்தைக் கேட்டார். ஆவி எப்போது வந்தது, எந்த கியர், எவ்வளவு பாரம் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"தைப்பூசத்துலருந்து படம் அங்கதான இருந்துச்சு? அத்தன நாளும் லோடு ஏத்தித்தான வந்தீங்க? அன்னைக்கு மட்டும் ஏன்ணே?"

"அதான் அவுத்தாச்சுல்லப்பா."

"படத்தைத் திரும்பக் கட்டி, அதே லோடோட அதே ஏத்தத்துல ஓட்டிப் பாக்கணும்ணே. வந்தா படம்தான். வரலைன்னா படம் இல்ல."

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "ஏப்பா, உனக்குக் கிறுக்கா? வண்டி கவுறணும்னு சாமி படத்தைக் கட்டச் சொல்றியா? இது என்ன உன் பொம்மை ரயிலா, மறுபடி மொதல்லருந்து ஓட்டுறதுக்கு?"

"தண்ணி கேன் வச்சுக்குவோம். சக்கரத்துக்குக் கல்லு வச்சுக்குவோம். நானும் வாரேன்."

"நீ வந்து? பாடையில ஒரு ஆளு கூட."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒன்றுதான் ஓடியது. வரவில்லை என்றால் படம் இல்லை. முருகன் மேல் பழி இல்லை.

"ஓட்டிப் பாத்துருவோம்ங்க" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாமி பேருல பழி நிக்கக் கூடாது. நானும் வாரேன்."

"புருஷன் உசுர விட முருகன் பேரு பெருசாக்கும்?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த முறை உர லோடு ஏற்றிய நாளில் கீழே வைத்தே படத்தைக் கட்டினார் என் வீட்டுக்காரர். நான் சூடம் காட்டினேன். எலுமிச்சம்பழம் வைத்தேன். இவர் ஸ்டியரிங்கில், நான் நடுவில், தம்பி ஜன்னல் ஓரம். அன்றைக்குப் போலவே சாயங்காலம். பாதி ஏற்றத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. வண்டி முக்கி முக்கி ஏறியது.

நான் கண்ணை மூடிக்கொண்டு, முருகா, நீ இல்லை என்று காட்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இன்னொரு குரலும் கேட்டது. மெதுவான குரல்.

"வா... வா..."

கண்ணைத் திறந்தேன். தம்பி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருத்தனைக் கூப்பிட, அவர் ஒன்றைக் கூப்பிட, நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தோம். எங்களில் யார் கூப்பிட்டது வரப்போகிறதோ என்று என் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில்.

அந்த வளைவு வந்தது. ஜல்லிக் குவியல் அங்கேயேதான் இருந்தது. முள் பாதிக்கு ஏறியது. பாதியிலேயே நின்றது. வளைவு தாண்டியது. அடுத்த வளைவும் தாண்டியது. முள் அசையவே இல்லை.

பெருமாள்மலை டீக்கடையில் வண்டியை நிறுத்தி என் வீட்டுக்காரர் குதித்து இறங்கினார். "முருகன்டா! எங்க ஆளு மேலயா பழி போட்டீங்க?" என்று அந்த மெக்கானிக்குக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எல்லாருக்கும் டீ சொன்னார், சூடாகப் பஜ்ஜி சொன்னார். நான் படத்துக்கு முன்னால் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டேன். அழுகை நிற்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை.

தம்பி டீயைத் தொடவில்லை. வண்டியின் இன்ஜின் மூடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன தம்பி, வரலைன்னு வருத்தமா?" என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

"படம் இல்லைன்னா அன்னைக்கு வந்தது வேற ஒண்ணுண்ணே. மெக்கானிக் எதையும் மாத்தல. படத்தை மட்டும்தான் அவுத்தாரு." கையை எடுக்காமலே சொன்னார். "அப்ப அது இன்னும் உள்ளதான் இருக்கு."

என் கையில் இருந்த பஜ்ஜி அப்படியே இருந்தது. முருகன் மேல் பழி இல்லை என்று காட்டச் சொன்னேன், காட்டிவிட்டான். படம் இல்லை என்றால் எது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"அன்னைக்கு மாதிரியே இன்னைக்கு முழுசா இல்லண்ணே. ஒண்ணு கொறையுது" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இன்னைக்கு அக்கா உக்காந்த எடத்துல அன்னைக்கு பாப்பா இருந்துச்சு. அதுவும் வந்தா..."

என் வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சத்தமே வராமல் வைத்தார்.

"தம்பி. வண்டியில ஏறு. வீடு போற வரைக்கும் பேசாத."

அவருக்குத் தப்பான எண்ணம் கிடையாது. பாப்பா இருந்ததால் ஹீட்டர் போட்டிருப்பார்களோ, அவள் ஏதாவது சார்ஜர் சொருகியிருப்பாளோ, அப்படி ஏதோ ஒன்று அன்றைக்கு வேறாக நடந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் என்ன? என் பிள்ளையை உட்கார வைத்து "வா, வா" என்று கூப்பிட நான் விடுவேனா?

"கம்பெனி வேலைதான் முடிஞ்சிருச்சே. மாசக் கடைசியில கெளம்பிக்கங்க" என்று இவர் சொன்னதற்குத் தம்பி தலையாட்டினார். கோபம் இல்லை. இந்தப் பதில் முன்பே தெரிந்திருந்தவர் மாதிரிதான் இருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில் அடுப்படி வாசலுக்கு வந்தார். பெட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டது, கம்ப்யூட்டர் மட்டும் பாக்கி.

"ஒரே ஒருக்கா சாப்பிடக் கூப்பிடுங்கக்கா. கடைசியா ஒருதரம் பாத்துக்கிறேன்."

உப்புமா இல்லை. சோறு வடித்து, பூண்டு ரசம் வைத்து, அப்பளம் பொரித்து வைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டேன். ரயிலை நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். விசிறியை எனக்குத் திரையில் காட்டினார். சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கோடு ரயில் பனிக்குள் ஏறிப் போனது.

"சரியாயிருச்சா தம்பி?"

"இது சரியாயிருச்சு. அந்த ஒரு ஆளு சொன்னது மட்டும் வரவே இல்லக்கா." கம்ப்யூட்டரை அணைத்தார். பெட்டியின் மேல் என் திருநீறு அப்படியே இருந்தது. அதன் மேல் துணியைச் சுற்றினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னார். "வண்டி சத்தம் கேக்குதுன்னு எல்லாம் நல்லாருக்குன்னு இருந்துராதீங்கக்கா. போயி கண்ணால பாருங்க."

கொஞ்ச நாள் போன் பண்ணினார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. எடுத்ததும், "வந்துச்சாக்கா?" என்பார். "வரல தம்பி" என்பேன். "ம்" என்பார். அந்த "ம்" நிம்மதியாகவும் இருக்காது, வருத்தமாகவும் இருக்காது. வைத்துவிடுவார். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டால் அந்த எண் போவதில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவருடைய கேள்வி நின்றதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

வண்டி இன்றுவரை கொதிக்கவில்லை. மெக்கானிக் மறுபடியும் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். படத்தைப் பழையபடி முன்னால் கட்டுங்கள் என்று நான் சொன்னேன். பழிதான் இல்லையே. இவர் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, டிரைவர் கூண்டுக்கு மேலே உயரமாகக் கட்டினார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் வண்டி கழுவும்போது சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கேன் நிறைந்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றி, சக்கரத்துக்கு அணை கொடுக்கிற கற்கள். அன்றைக்குச் சோதனைக்குக் கொண்டுபோனவை இறக்கப்படவே இல்லை. அந்த வாரம் சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பா இனிமே பஸ்ஸுல வரட்டும். லோடு வண்டியில எதுக்கு இடிச்சுக்கிட்டு?"

"ஆமா" என்றேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

முன்பெல்லாம் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டதுமே சுக்குக் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். இப்போது வைப்பதில்லை. வாசலுக்கு வந்து நிற்கிறேன். மூடுபனிக்குள் சத்தம் மட்டும் ஏறி வருகிறது. முதலில் முருகன் படம் தெரிய வேண்டும், அப்புறம் அதற்குக் கீழே கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிய வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே போய் அடுப்பை மூட்டுகிறேன்.